ஒரு மணிக்கு அழியும் பதிவு

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகை கிடக்கிறது. அதன் ஒரு முனையில் சின்னத் தகரப் பெட்டி, அதில் டிஷ் வயரைத் திருகி மாட்ட ஒரு மரை. கணினிக்குள் இதைச் செருகினால் டிவியில் ஓடுவது அப்படியே டிஸ்கில் பதிவாகும். டியூனர் கார்டு என்போம். இப்போது இதைச் செருகுவதற்கு வீட்டில் ஒரு கணினிகூட இல்லை. தூக்கிப் போடச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். ஆனாலும் போட மாட்டேன்.

மலையாளம் பேசும் எங்கள் ஊரில், ஆரியசாலைத் தெருவில், ஓர் அரிசி மொத்தக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கம்பெனிக்காரர்கள் கொடுத்த விளம்பரம் சொன்ன நேரத்தில் டிவியில் வந்ததா என்று பதிவு செய்து காட்டுவது எங்கள் வேலை. முதலாளி கஞ்சர். அதனால் எல்லாக் கணினியிலும் சும்மா கிடைக்கிற லினக்ஸ்தான். அது என் பொறுப்பு. மொட்டைமாடி டிஷ், வயர், கார்டுகள் எல்லாம் சேட்டன் பொறுப்பு. மலையாளி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆபீஸில் எல்லோருக்குமே சேட்டன். என்னை அவர் ‘டீச்சரே’ என்றுதான் கூப்பிடுவார். சுவரெல்லாம் நான் விதிகள் எழுதி ஒட்டி வைத்திருந்ததற்கு அந்தக் கேலி. முதல் விதி சிவப்பு மையில் இருந்தது: என்ன ஆனாலும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது.

எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. ஒரே அலைவரிசையில் நாலைந்து சேனல்கள் சேர்ந்து வரும். எங்களுக்கு வேண்டியது அதில் ஒன்றுதான். சேட்டனோ மொத்தத்தையும் பதிவு செய்வார். “கெடக்கட்டே டீச்சரே, எப்ப எது வேணும்னு ஆருக்கு அறியாம்?” என்பார். டிஸ்க் நிறைந்து வழியும், முதலாளியிடம் திட்டு வாங்குவது நான். கடைசியில், வேண்டாத சேனல்களின் பதிவையெல்லாம் தினமும் மதியம் ஒரு மணிக்குத் தானாகவே அழிக்கும்படி ஒரு கட்டளை எழுதி வைத்தேன். சேட்டன் அதை நிறுத்திவிடக் கூடாதென்று பாஸ்வேர்டையும் மாற்றினேன். “சரி, டீச்சர் ஜெயிச்சு” என்று சிரித்தபடி மாடிக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு இருந்த மிதப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அதற்கு மறுவாரம் ஒரு நாள் நான் லீவில் இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மதினி போன் செய்தாள். “ஏட்டி, ஒங்க அண்ணன் போட்டோவ டிவியில காட்டிட்டாங்க. பிள்ளையத் தூக்கினவன்னு சொல்றாங்க. கடை முன்ன ஆளு கூடிட்டு, சீக்கிரம் வாட்டி!” காணாமல் போன ஒரு குழந்தை பத்திரமாகக் கிடைத்திருந்தது. கடத்திய ஆளையும் பிடித்திருந்தார்கள். அவனுக்கும் என் அண்ணன் பெயர்தான். பதினொன்றரை மணிச் செய்தியில் ஒரு சேனல் அவசரத்தில் வியாபாரிகள் சங்கப் படத்திலிருந்து அண்ணன் முகத்தை வெட்டிப் போட்டுவிட்டது.

ஆபீஸுக்குக் கொஞ்ச தூரத்தில், சாலை பஜாரில் அண்ணனின் இரும்புக்கடை ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தது. அண்ணன் உள்ளே, வெளியே இருநூறு பேராவது இருப்பார்கள். ஒருவன் கல்லால் ஷட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. பிடிபட்டவன் வேறு ஆள், ஸ்டேஷனில் இருக்கிறான் என்று இன்ஸ்பெக்டர் கத்திச் சொல்லியும் ஒருவரும் நகரவில்லை. “டிவியில காணிச்சதல்லே?” என்று அவரிடமே திருப்பிக் கேட்டார்கள். சேனலுக்குப் போன் போட்டால், நாங்கள் அப்படி ஒரு படம் காட்டவே இல்லை, காட்டியதற்கு ஆதாரம் கொண்டுவா என்றார்கள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, டிவிக்காரன் வாயால் தப்பு என்று சொன்னால்தான் இவர்கள் போவார்கள், இருட்டுவதற்குள் ஏதாவது செய்யுங்கள் என்றார். அந்தச் சேனல் எங்களுடைய அலைவரிசையில் வருவதுதான், பதிவு ஆபீஸில் இருக்கும் என்று எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. மறுநொடியே கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால். எங்களுக்கு வேண்டாத சேனல் அது. என் கட்டளைக்கு இன்னும் கால்மணி நேரம்தான்.

சேட்டனுக்குப் போன் செய்தேன், பிஸி. மறுபடியும் பிஸி. நான் அவரை அழைத்த அதே நேரத்தில் அவரும் என்னை அழைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஓடினேன். தள்ளுவண்டி, மூட்டை, ஸ்கூட்டர் எதிலெல்லாம் இடித்தேனோ தெரியாது. பாவி, நானே என் கையால் எழுதி வைத்தேனே என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினேன். மாடிப்படி ஏறும்போது கீழே அரிசிக்கடைக் கடிகாரத்தில் ஒன்று ஐந்து.

அறையில் கணினி மின்விசிறியின் இரைச்சலே இல்லை. திரை இருட்டு. நான் எழுதி ஒட்டிய முதல் விதிக்கு நேர் கீழே, பிடுங்கிய பிளக்கைக் கையில் பிடித்தபடி சேட்டன் நின்றார். சட்டை முழுக்க வியர்வை. “பாஸ்வேர்ட் எனக்கறியில்லல்லோ டீச்சரே. ஒரு மணியாகான் ரெண்டு மினிட்டு இருந்தது. அண்ணன் முகத்த நானும் கண்டு. வேற வழி தோணல” என்றார். அண்ணனை அவருக்கு நன்றாகத் தெரியும்; மொட்டைமாடி டிஷ்ஷை மாட்டிய போல்ட் எல்லாம் அண்ணன் கடையில் அவர் வாங்கியவை.

டிஸ்கில் பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் டிஸ்கே செத்தும் போகலாம். அதற்காகத்தான் அந்த விதியே. பிளக்கை அவர் மாட்டினார். பொத்தானை அழுத்த என் விரல் வரவில்லை. “அமர்த்து டீச்சரே” என்றார் மெதுவாக. அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்றது. பத்து சதவீதம், முப்பது, அறுபது. அறுபதில் நின்றுவிட்டது. ஷட்டரில் கல் படும் சத்தம் அங்கேயும் கேட்டது போலிருந்தது. எவ்வளவு நேரமென்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அறுபத்தொன்று ஆயிற்று.

முதல் காரியமாக என் கட்டளையை அழித்தேன். பதினொன்றரை மணிப் பதிவைத் திறந்ததும் திரை நிறைய என் அண்ணன். சங்கக் கூட்டத்துக்குப் போட்ட நீலச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான், கீழே சிவப்புப் பட்டையில் குற்றவாளி என்று ஓடிக்கொண்டிருந்தது. கிடைத்துவிட்டதே என்று சந்தோஷம் வரவில்லை. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு சேட்டன்தான் இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். மூன்று மணிச் செய்தியில் சேனல் வருத்தம் சொன்னது. ஏதோ சினிமா விட்ட மாதிரி கூட்டம் கலைந்து போயிற்று. கல்லால் தட்டியவன் மறுநாள் கடைக்கு வந்தானாம். “அரைக்கிலோ ஆணி கேட்டான், குடுத்தேன். மொகத்தத்தான் பாக்கலட்டி” என்றான் அண்ணன். அதற்குப் பிறகு அவன் தெருவைப் பார்த்து உட்காருவதில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

அன்று மாலையே புதுப் பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதி, நாலாக மடித்துச் சேட்டன் கையில் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். இரண்டு வருடம் கழித்து ஆபீஸை மூடியபோது, அந்தக் கணினியிலிருந்து இந்தக் கார்டைக் கழற்றி என்னிடம் தந்தார். கூடவே அந்தத் தாளையும். நான் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை மனுஷன். “எனக்கெதுக்கு டீச்சரே? பிளக் உண்டல்லோ” என்று சிரித்தார்.

கார்டும் தாளும் இந்த இழுப்பறையில்தான் கிடக்கின்றன. இப்போது வேறு ஆபீஸ், வேறு வேலை. ஆனாலும் தினமும் காலையில் கணினியின் பொத்தானை அழுத்தியதும், திரை வெளிச்சமாகும் வரைக்கும் ஒரு கறுப்பு இருக்கிறதே, அந்தக் கொஞ்ச நேரம் என் அண்ணன் இன்னும் ஷட்டருக்கு உள்ளேதான் இருக்கிறான்.