சயாம் லோரிக்குப் பயந்து சேர்ந்த பட்டறை

என் பேத்தி இன்ஜினியரிங் படிக்கிறாள். உலகம் முழுக்கக் கிளை இருக்கும் ஏதோ ஒரு பொறியாளர் கூட்டமைப்பில் மாணவர்களைச் சேர்க்கிறார்களாம். ஊர் ஊராகப் போய்க் கிணற்றுக்குப் பம்பு போடுவார்களாம், பாலம் கட்டுவார்களாம். "எதுக்குச் சேர விரும்புறேன்னு எழுதணும் தாத்தா. நீங்க அந்தக் காலத்துல பட்டறையில எதுக்குச் சேந்தீங்க?" என்று கேட்டாள். மனிதகுலச் சேவை, பல இன நட்பு என்று நான் ஏதாவது எடுத்துக்கொடுப்பேன் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மண்ணாங்கட்டி! நான் சேர்ந்தது உயிர்ப் பயத்தில்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம் அது. எனக்குப் பதினேழு வயது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பட்டாளம் குடியேறிவிட்டது. நான் படித்த வகுப்பில் அரிசி மூட்டை அடுக்கியிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். சயாமில் ரயில் பாதை போடுகிறோம், சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். போனவர் போனவர்தான். ஒரு தகவலும் இல்லை.

அதற்குப் பிறகு சயாமுக்கு ஆள் பிடிப்பது இன்னும் மோசமானது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிடுவார்கள். படம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் லோரி நிற்கும். பாசாருக்குக் கீரை வாங்கப் போன பையன் திரும்பி வர மாட்டான். இளவட்டத் தமிழனாக இருந்தால் போதும், ஏற்று லோரியில். கையில் பட்டறைக் கைப்பட்டை கட்டியிருந்தால் மட்டும் விடுவார்கள். ராணுவ லோரிகளைப் பழுது பார்க்க அவர்களுக்கு ஆள் வேண்டுமே!

அப்படிக் கைப்பட்டை கொடுக்கும் பட்டறை ஒன்று ஆற்றோரம் இருந்தது. அதை நடத்தியவர் முன்பு அரசாங்கத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அவரை எல்லோரும் ஐயா என்போம். லேத்தில் கடைசல் பிடித்தவர் ஒரு மலாய்க்காரர். வெல்டிங் பிடித்தவர் ஒரு சீனர். கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தோட்டத் தொழிலாளர் லயத்துத் தமிழர் பேசுகிறார் என்றுதான் நினைப்பீர்கள். கெட்ட வார்த்தையில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

நான் போய் நின்றபோது ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இஞ்ச எதுக்கு வந்தனீர்?"

"வேலை கத்துக்கணுங்க ஐயா."

"பொய் சொல்லாதேயும். கைப்பட்டைக்குத்தானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றேன்.

"அப்ப சரி. நாளைக்கு வெள்ளன வாரும்."

இவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

பட்டறையில் பெயருக்கு ராணுவ வேலை. அது முடிந்த மிச்ச நேரத்தில் ஊர் வேலை. தோட்டத்து லயத்துக் கிணற்றுப் பம்பு வரும், சீனர் காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் வரும், மலாய்க்காரர் கிராமமான கம்பத்திலிருந்து நெல் குத்தும் எந்திரம் வரும். யாருடையது, எந்த ஊர், எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். மூவரும் தரையில் சாக்பீஸால் படம் போட்டு, ஆளுக்கொரு பாஷையில் கத்திச் சண்டை போட்டு, கடைசியில் ஒன்றைச் செய்து முடிப்பார்கள். இன்னொரு வழக்கமும் இருந்தது. இதை யார் செய்தது என்று வெளியாள் கேட்டால், "பட்டறை செஞ்சது" என்பதுதான் பதில். நன்றாக ஓடினாலும் அதே பதில், ஓடாவிட்டாலும் அதே பதில்.

எனக்குக் கைப்பட்டை கிடைத்ததும் வீட்டில் பயம் பாதியாகக் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, முழுசாக அண்ணன் மேல் போய் உட்கார்ந்தது. அண்ணன் துணிக்கடை ஆள். விற்கத் துணி இல்லாமல் முதலாளி கடையை மூடிவிட்டார். இருபத்திரண்டு வயது, வாட்டசாட்டமான உடம்பு, கையில் பட்டை இல்லை. இப்படி ஒருத்தனைத்தான் லோரிக்காரன் தேடிக்கொண்டிருந்தான். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அம்மா அவனை விறகுக் கொட்டகைக்குள் தள்ளி வெளியே பூட்டிவிடுவாள். உள்ளே அவன் இருமக்கூட மாட்டான்.

நான் ஐயாவை விடாமல் நச்சரித்தேன். "துணி வெட்டத் தெரியும், தைக்கத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது ஐயா. ஆனா அவனைப் பிடிச்சிட்டுப் போனா எங்கம்மா செத்துருவாங்க" என்றேன். அழுதும் தொலைத்தேன்.

நல்ல வேளை, லேத்தை ஓட்டும் பெல்ட் அப்போது பிய்ந்து போயிருந்தது. ஊரெல்லாம் ரப்பர் மரம், ஒரு பெல்ட்டுக்கு வழியில்லை! லோரி மூடும் கித்தான் துணியை மடித்துத் தைத்து, ரப்பர் பால் பூசிப் புதுப் பெல்ட் செய்யலாம் என்று வெல்டர் யோசனை சொன்னார். தைக்க ஆள் வேண்டும். அண்ணனுக்குக் கைப்பட்டை கிடைத்தது. முதல் நாள் அவன் பட்டை கட்டிய கையை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டே தெருவில் நடந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

பெல்ட்டை அண்ணன் பிரமாதமாகத் தைத்தான். பூசிய பால் காய்ந்து, லேத்தில் மாட்டிச் சும்மா ஓட்டிப் பார்த்த அன்று காலையில்தான் ஜப்பான் அதிகாரி சோதனைக்கு வந்தான். கைப்பட்டை கட்டியவர்களில் வேலை தெரியாத ஆள் ஒளிந்திருக்கிறானா என்று பார்க்க அவ்வப்போது வருவான். அப்படி மாட்டுகிறவனை ஏற்றிக்கொள்ள லோரியும் கூடவே வரும். அன்றும் வந்து வாசலில் எஞ்சினை அணைக்காமல் நின்றது.

ராணுவ லோரி ஒன்றுக்கு அவசரமாக ஒரு ஷாஃப்ட் கடைய வேண்டியிருந்தது. என் முன்னாலேயே கடையுங்கள் என்று அதிகாரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். மலாய்க்காரர் இரும்பை மாட்டி உளியை மெல்ல அழுத்தினார். சும்மா ஓடியபோது ஒழுங்காக ஓடிய பெல்ட், சுமை ஏறியதும் வழுக்கியது. கீச்சென்று கத்தியது. பிறகு சக்கரத்தை விட்டுத் துள்ளி, அதிகாரியின் பூட்ஸ் மேல் போய் விழுந்தது.

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. என் காதோரம் வந்து, "கொசுறு விட்டுட்டேன்டா" என்றான்.

துணிக்கடையில் கஜக்கோலால் அளந்ததும் நாலு விரல் கொசுறு தள்ளித்தான் கத்திரி வைப்பார்கள். கொசுறு விடாமல் வெட்டினால் வாடிக்கைக்காரர் சும்மா விடுவாரா? எட்டு வருடம் அப்படியே வெட்டிய கை, ஐயா சொன்ன அளவை ஒழுங்காக அளந்துவிட்டு, தன் வழக்கப்படி நாலு விரல் தள்ளி வெட்டியிருக்கிறது. அந்த நாலு விரல்தான் இப்போது தொங்கி வழுக்கியது. நல்ல மனசோடு செய்த தப்பு என்று ஜப்பான்காரனிடம் எப்படிச் சொல்வது? வேண்டுமென்றே கெடுத்தான் என்பான். அப்படிச் சொன்னால் சயாம்கூட இல்லை, நேரே தலையை வெட்டுவதுதான்.

யார் இதைச் செய்தது என்று அதிகாரி மலாயில் கேட்டான். ஐயா வழக்கப்படி, பட்டறை செய்தது என்றார். அவர் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது, கண்ணாடி பறந்தது. ஆளைக் காட்டு என்று கத்தினான். அண்ணன் வாயைத் திறந்தான். அவன் ஒரு காலை முன்னால் வைத்ததை நான் பார்த்தேன். பிடித்து இழுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

அதற்குள் வெல்டர் நடுவில் வந்து நின்றுவிட்டார். "சாயா, துவான்" என்றார். நான்தான் துரை என்று அர்த்தம்.

சீனர்களை அவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். இந்த மனிதருக்கும் தெரியும்; அவருடைய தம்பியை முந்தின வருடம் கொண்டுபோனவர்கள்தானே அவர்கள். அதிகாரி அவரைப் பிரம்பு உடையும்வரை அடித்தான். வெல்டர் கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அவர் கைப்பட்டையைக் கிழித்தெடுத்த அதிகாரி, இனி இது இல்லாமல்தான் தினமும் வேலைக்கு வர வேண்டும், ஒரு நாள் வராவிட்டாலும் ஓடிப்போனவன் என்று கணக்கு என்றான். அவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் காவல். பட்டை இல்லாமல் வந்தால் பாலத்தில் பிடிப்பான், வராவிட்டால் வீட்டில் பிடிப்பான். படுபாவி!

அவர்கள் போனதும் அண்ணன் வெல்டரின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "என்னை எதுக்குண்ணே காப்பாத்துனீங்க? நான் வந்து நாலு நாளுகூட ஆகலையே" என்று தேம்பினான்.

வெல்டர் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எரிச்சலோடு பார்த்தார். "பட்டறைக்குள்ள வந்துட்டல்ல? அப்புறம் என்னடா நாலு நாளு, நாப்பது நாளு. எந்திரிலா. அந்த பெல்ட்டை ஒழுங்கா வெட்டித் தொலை."

மறுநாள் விடிந்ததும் நான் எழுந்தபோது அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். "பாலத்துக்குப் போறேன். அவரைக் கூட்டிட்டு வரணும்" என்றான். பூட்ஸ் சத்தத்துக்கு விறகுக் கொட்டகையில் ஒளிந்தவன்! எனக்குக் கோபம் வந்தது. உனக்குப் பைத்தியமா, அம்மாவை நினைத்துப் பார்த்தாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவன் செருப்பை மாட்டினான். திட்டிக்கொண்டே நானும் கூடப் போனேன். பாலத்தடியில் ஐயாவும் மலாய்க்காரரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

நாங்கள் பாலத்துக் காவல்காரனைக் குனிந்து வணங்கிவிட்டு அந்தப் பக்கம் போய், வெல்டரை நடுவில் வைத்துக்கொண்டு திரும்பினோம். காவல்காரனுக்குப் பின்னால் ஒரு லோரி நின்றது. பாதி இறங்கிய கித்தானுக்குள்ளிருந்து எங்கள் வயதுப் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் குனிந்தோம். காவல்காரனின் கண் வெல்டரின் வெறும் கையில் நின்றது. துப்பாக்கி முனையால் அவரை லோரிப் பக்கம் காட்டினான்.

அண்ணன் முன்னால் போனான். துணிக்கடையில் வாடிக்கைக்காரரிடம் பேசும் அதே பணிவோடு, "இனி ஓராங் கித்தா, துவான்" என்றான். இவர் எங்கள் ஆள். சொல்லிவிட்டுப் பட்டை கட்டிய தன் கையை வெல்டரின் தோளில் போட்டான்.

அறை விழுந்தது. அண்ணன் கையை எடுக்கவில்லை. இரண்டாவது அறையில் தள்ளாடினான், அப்போதும் எடுக்கவில்லை. மலாய்க்காரர் வெல்டரின் மற்றத் தோளில் கை போட்டார். ஐயா வந்து ஒட்டி நின்றார். கடைசியாக நானும் போய்ச் சேர்ந்து நின்றேன். இத்தனை பட்டறை ஆட்களை லோரியில் ஏற்றினால் யாருக்குப் பதில் சொல்வது என்று காவல்காரன் யோசித்தானோ என்னவோ, காறித் துப்பிவிட்டுப் போங்கள் என்று கையைக் காட்டினான்.

வெல்டருக்குப் புதுப் பட்டை கிடைக்கும்வரை தினமும் காலையும் மாலையும் அப்படித்தான் அவரோடு பாலத்தைக் கடந்தோம்.

அந்த முதல் நாள் மாலை அண்ணனின் கன்னம் வீங்கி, ஒரு கண் மூடிக்கிடந்தது. அம்மா விளக்கைத் தூக்கிப் பிடித்து, பதறிப்போய் என்னடா ஆச்சு என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, பட்டறையில பெல்ட் பட்டுருச்சு" என்றான்.