மதுரைக்குப் போக விடாதவர்கள்

என் வீட்டுக்காரர் படத்தைத் திறந்து வைக்க ஊர்க்காரர்கள் சேர்ந்து கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் அவருடைய நரைத்த தலையைக் கன்னங்கரேலென்று ஆக்கி, முகத்துக்குப் பவுடர் அப்பினாற்போல் செய்து வைத்திருந்தார்கள். காலமெல்லாம் சங்கரன்கோவில் வெயிலில் அலைந்து கருத்த மனுஷர். பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

மேடையில் பேசியவர்கள் அதைவிட மோசம். "ஒருநாள்கூட லீவு போடாத உத்தமர்" என்று ஒருவர் முழங்கினார். மண்டபமே கை தட்டியது. அடப் பாவிகளா, அந்த லீவைப் போட வைக்கத்தானே நான் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன்? தட்டிய கைகளையெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராகச் சேர்ந்தபோது எங்களுக்குக் கல்யாணமான புதுசு. நான் பள்ளிக்கூட டீச்சர். சாயங்காலம் சினிமாவுக்குக் கூட்டிப் போவார் என்று பூ வைத்துக்கொண்டு நிற்பேன். அவர் எந்தத் தெருவிலாவது தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடிக்கொண்டிருப்பார். புழு இருந்தால் தொட்டியைக் கவிழ்த்துவிடுவார். தண்ணீருக்கு அல்லாடும் எங்கள் பக்கத்தில் அதைக் கவிழ்த்துவிட்டு ஒருவர் உயிரோடு திரும்பி வருவதே பெரிய விஷயம். பொம்பளைகள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வைவார்கள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போவார். மறுநாள் அதே பொம்பளைகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரிடமே வந்து நிற்பார்கள்.

பாம்புக்கடிக்கு மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்று இடமாற்றம் வாங்கிக்கொண்டதும் உண்டு. போன இடத்திலும் அதையே செய்தார். நான் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் சொல்லுகிறேன். ஆனாலும் சொல்லும்போதே எரிச்சலும் கூடவே வருகிறது, என்ன செய்ய?

ரிட்டையர் ஆனால் ஓயும் என்று நினைத்தேன். ஓயவில்லை. வீட்டு முன்னறையிலேயே மேசையைப் போட்டுவிட்டார். நான் கேட்டில் 'டாக்டர் ஓய்வில் இருக்கிறார்' என்று எழுதித் தொங்கவிட்டேன். கரிவலம்வந்தநல்லூரில் இருந்து வந்த ஒரு குடும்பம் அதை எழுத்துக்கூட்டி வாசித்தது. பிறகு அந்த வீட்டு ஆம்பளை, "ஐயா ஓய்வாத்தான் இருக்காவளாம். நல்ல நேரம்தான், வாங்க" என்று எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே அந்தப் போர்டைக் கழற்றி அடுப்பங்கரை மூலையில் போட்டேன்.

இதிலே கைராசி என்று ஒன்று. அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. பாளையங்கோட்டைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, மாத்திரையும் வாங்கிக்கொள்வார்கள். வாங்கியதை வீட்டுக்குக் கொண்டு போய் விழுங்க வேண்டியதுதானே? மாட்டார்கள். பையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். "ஐயா, உங்க கையால எடுத்துக் குடுங்க." இவர் அட்டையைப் பிரித்துப் பார்த்து, எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லி, அவர்கள் உள்ளங்கையில் வைத்து, "பயப்படாத, சரியாப் போவும்" என்பார். கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கும் புற்றுமண்ணை வாங்குவதுபோல இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டு போவார்கள்.

"நீங்க டாக்டரா, பூசாரியா?" என்று ஒருநாள் ஒரு கிழவி வாங்கிக்கொண்டு போனதும் கேட்டேவிட்டேன்.

"ஏட்டி, நான் தொட்டுக் குடுக்கலேன்னா அவ அத முழுங்க மாட்டா. வீட்டு மாடத்துல வச்சிட்டுச் சும்மா இருப்பா. முழுங்குதால்லா, அது போதும்" என்றார். இந்த மனுஷரிடம் என்ன பேச?

அப்படி இருக்கும்போதுதான் அவருக்கே நெஞ்சு வலித்தது. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். திருநெல்வேலிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இருதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு, மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்று அங்கிருந்த டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார்.

ஆட்டியதோடு சரி. ஆஸ்பத்திரியில் நாள் குறித்து வாங்கிக்கொண்டு வந்தால், "ஊரெல்லாம் காய்ச்சலாக் கிடக்கு, இப்பவா போவ?" என்றார். காய்ச்சல் ஓய்ந்தது. "சிவகிரியிலேர்ந்து வருத பிள்ளத்தாச்சிக்கு மாசம் நெருங்கிட்டு, ரத்தக்கொதிப்பு வேற இருக்கு. பெத்துப் பொழைக்கட்டும்" என்றார். அவள் ஆஸ்பத்திரியில் பெற்று, பிள்ளைக்குப் பேரும் வைத்துவிட்டாள். அதற்குள் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா வந்தது. கூட்டத்தில் மயங்கி விழுகிறவர்களை யார் பார்ப்பது என்றார். அரசாங்க டாக்டர்கள் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் நிற்கிறது. இவர் போய் நின்றால்தான் தபசுக் காட்சி நடக்குமா?

"ஏட்டி, நான் போறேன்னா இந்தச் சனம் விட மாட்டேங்கு. காலப் பிடிச்சுக்கிட்டு அழுதாவ" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொல்லுவார்.

எனக்கு அந்தச் சனத்தின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. காலையில் கேட் பக்கம் நின்று, வருகிறவர்களை வைய ஆரம்பித்தேன். "ஒங்களுக்கு வேற டாக்டரே கெடையாதா? அவரைக் கொன்னுட்டுத்தான் போவியளா?" என்பேன். தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்குவார்களே தவிர, ஒருத்தராவது ஒரு பதில் சொல்ல வேண்டுமே! திரும்பிப் பார்த்தால் பின்வாசல் வழியாக உள்ளே போயிருப்பார்கள்.

ஒருநாள் காலையில், யாரோ ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நான் காப்பி கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆகவே மண்டபத்தில், "அம்மா ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தபோது, நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளதைக் கொட்டிவிட்டேன்.

"லீவு போடாதவருன்னு கை தட்டுனிய. அவரை மதுரைக்குப் போக விடாம ஆக்குனது யாரு? நீங்கதான். ஒங்க காய்ச்சலும் தலைவலியும் பெருசாப் போச்சு. ஆபரேஷன் செஞ்சிருந்தா இப்ப இங்கன உக்காந்திருப்பாவ. ஒங்களுக்குப் படமும் மாலையும் வேற ஒரு கேடா?"

மேடையில் இருந்தவர்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள். அப்போது நடுவில் ஒரு பெண் எழுந்தாள். கரிவலம்வந்தநல்லூரில் வயல் வேலைக்குப் போகிறவள். வாராவாரம் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவள், என்னிடம் ரொம்பவும் வசவு வாங்கியவள்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்கிடாதிய. நாங்களா விடல? எத்தன நாளு, மதுரைக்குப் போயிட்டு வாங்கய்யான்னு கெஞ்சிருக்கோம் தெரியுமா? பனவடலிசத்திரத்து ஆளுக வேன் கொண்டாந்து வாசல்ல நிறுத்துதோம்னாவ. ஐயாதான் கேக்கல."

"ஏன் கேக்கல?" என்றேன்.

அவள் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல ஒருவர் தலையசைத்தார்.

"'நான் என்ன செய்யட்டும், டீச்சர் அறுக்க விட மாட்டேங்கா, பேச்ச எடுத்தாலே ஒரே அழுகை, அவளுக்காகத்தான் போகல'ன்னு ஐயா சொன்னாவ."

"எங்கிட்டயும் அதத்தான் சொன்னாவ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்கிட்டயும்" என்றது இன்னொன்று. "ஒங்ககிட்ட வந்து கேக்கலாம்னா, நீங்க கேட்டுலயே நின்னு வையுதிய. எப்படிக் கேக்க?" என்றாள் அவள்.

என்னிடம் சனத்தைச் சாக்குச் சொல்லியிருக்கிறார். சனத்திடம் என்னைச் சொல்லியிருக்கிறார். அவர்களை நான் வைதுகொண்டிருக்க, என்னை அவர்கள் மனசுக்குள் வைதுகொண்டிருக்க, நடுவில் இவர் மேசையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்! திருநெல்வேலி டாக்டர் நெஞ்செலும்பை எப்படித் திறப்போம் என்று விளக்கியபோது, இவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு "ஒங்களுக்கு எந்த ஊரு தம்பி?" என்று பேச்சை மாற்றியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயம். வேறொன்றுமில்லை, கத்திக்குப் பயம். இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே பயப்படாதே, பயப்படாதே என்று சொன்ன மனுஷருக்கு அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கிறது. கட்டிய பெண்டாட்டி பக்கத்திலேயே இருந்தேன். ஏட்டி, பயமா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கையைப் பிடித்துக்கொண்டே ஆபரேஷன் அறை வாசல்வரை போயிருப்பேனே, படுபாவி!

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அவரு பொய் சொல்லிருக்காவ" என்றேன் மைக்கில். "நான் ஒருநாளும் அழல. ஒரு நாளுகூட அழல."

கரிவலம்வந்தநல்லூர்க்காரி மேடையேறி வந்து மைக்கை வாங்கிக் கீழே வைத்தாள். அத்தனை பேருக்கு முன்னாலும் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன்.