மருமகள் ஓடினாள், நான் சாத்தூர் போனேன்

என் மருமகள் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இருந்தது என்று எழுதிவிட்டேன். இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுத வருகிறது. அதனால் மெதுவாகத்தான் சொல்வேன்.

மருமகளுக்கு சிவகாசியில் ஓர் அச்சாபீசில் பில் போடும் வேலை. என் மகன் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிறவன், சீசன் வந்துவிட்டால் அவன் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண், இரண்டு வயதில் ஒரு பையன். இருவரையும் பார்த்துக்கொள்வது நான். நான் இல்லையென்றால் அந்த வீட்டில் ஒரு வேலையும் ஓடாது. இதை நானாகச் சொல்லவில்லை, மருமகளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

பையனுக்குப் பால் மறக்கடித்த பிறகு அவளுக்கு உடம்பு போட்டுவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அச்சாபீசில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி தினமும் ஓடுகிறாளாம். இவளும் ஒரு ஷூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குத் தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்தாள்.

நாங்கள் இருப்பது நாரணாபுரத்தில். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யாரும் ஓட மாட்டார்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் வேகமாக நடந்தாலே போர்மேன் சத்தம் போடுவார். வெடிமருந்து இருக்கிற இடத்தில் கால் பதறக் கூடாது. கம்பெனிக்கு வெளியே ஒருவர் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ வெடித்துவிட்டது. எந்தக் கம்பெனி, நம் ஆள் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மற்றவர்களும் ஓடுவார்கள். பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலைப் பக்கம் பிறந்து வளர்ந்த என் மருமகளுக்கு மட்டும் அன்று காலையில் அது மறந்துவிட்டது.

குழாயடியில் நின்ற ஐந்தாறு பேர் அவள் ஓடுவதைப் பார்த்தார்கள். குடங்களை அப்படியே போட்டுவிட்டு, "எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி?" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். பக்கத்து வீட்டுக்காரி தோசைக் கரண்டியோடு ஓடினாள். பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாயில் பிரஷ்ஷோடு ஓடினார். நான் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் மகன் முதல் நாள் இரவு எந்தக் குடோனில் லோடு ஏற்றினான் என்பதே எனக்கு நினைவுக்கு வரவில்லை. சத்தம் கேட்டு மருமகள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். தெருவே ஓடி வருகிறது. நிஜமாகவே வெடித்துவிட்டது என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக ஓடினாள். அவள் வேகத்தைப் பார்த்து நாங்களும் வேகமெடுத்தோம்.

மெயின் ரோட்டு டீக்கடையில்தான் எல்லோரும் நின்றோம்.

"எங்கனம்மா வெடிச்சது?" என்றார் டீக்கடைக்காரர்.

"என்னையக் கேட்டா? நீங்கள்லாம்தான ஓடியாந்தீக," என்றாள் மருமகள், மூச்சு வாங்கிக்கொண்டு.

"நீ எதுக்குத்தா ஓடுன?"

"உடம்பு குறையட்டும்னு."

பக்கத்து வீட்டுக்காரி கரண்டியை ஓங்கினாள். "அடிப்பாவி மகளே! அடுப்புல தோசை கருகிக் கரியாப் போயிருக்கும்டி. உன் உடம்பு குறைய என் உசிரைல்ல எடுத்த!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இன்னியோட இதை விட்ரு. தெருவுல தலை காட்ட முடியலை," என்றேன். அவள் குளித்து வேலைக்குக் கிளம்பினாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வீடு வீடாகப் போய், "நாளைக்கும் ஓடுவேன் மதினி, பயந்துறாதீக," என்று சொல்லிவிட்டு வந்தாள். டீக்கடைக்காரர் தம் பழைய சைக்கிளில் இருந்த மணியைக் கழற்றிக் கொடுத்தார். மணியடித்துக்கொண்டே ஓடினால் வெடி விபத்து இல்லை என்று ஊருக்குத் தெரியும் அல்லவா?

அன்றிலிருந்து என் மருமகள் காலையில் கையில் மணியோடு ஓடினாள். தெருவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் தெரு முக்கு வரைக்கும் கூடவே ஓடினார்கள். கம்பெனி வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்கள், "மணிக்காரி போயிட்டா, வண்டி வர்ற நேரந்தான்," என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி என்னிடமே வந்து, "உங்க மருமக தைரியம் யாருக்கு வரும் மதினி? ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு எப்படி ஓடுறா பாருங்க," என்றாள்.

ரெண்டு பிள்ளைகளை யார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. அந்த நேரத்தில் என் இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று.

நானும்தான் அதே தெருவில் மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் மருந்து அடைத்தேன். என் கைவேகத்துக்கு அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. புதிதாக வருகிறவர்களை என் பக்கத்தில் உட்காரவைத்து, "இவுக கையைப் பாருங்க," என்பார் போர்மேன். ஆனால் காலையில் வண்டிக்குப் போகும்போது என் பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்றுக்குத் தலை வாரி, ஒன்றுக்குச் சோறு ஊட்டி, கைப்பிள்ளையைப் பக்கத்துத் தெருக் கிழவியிடம் விட்டுவிட்டு, வண்டி ஹாரன் அடிக்க அடிக்கப் போவேன். ஓட முடியாது, ஓடினால் ஊர் கூடிவிடும். கால் ஓடத் துடிக்கும், நான் நடப்பேன். அப்படி ஒரு நடை நடந்திருக்கிறேன். என் மாமியார் கட்டிலில் படுத்துக்கொண்டு, "பெத்தவ பார்த்துக்கிடட்டும்," என்பார். காலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஆள் இருந்தால் நான் என்னவெல்லாமோ செய்திருப்பேன். என்ன செய்திருப்பேன் என்று கேட்டால் தெரியாது. அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால்தானே தெரியும்?

மருமகளுக்கு அது கிடைத்தது. கொடுத்தது நான். அதுதான் எனக்குப் பொறுக்க மாட்டாமல் இருந்தது. எனக்கு என்னைப் போல ஒரு மாமியார் வாய்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து விருதுநகரில் பெண்களுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். போனாள். மூன்றாவதாக வந்து கழுத்தில் மெடலோடு திரும்பினாள். தெருவே வாசலில் வந்து நின்றது. தோசைக் கரண்டிக்காரி ஒரு தட்டு நிறையக் கேசரி கொண்டுவந்தாள். பேத்தி அந்த மெடலைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் கழற்றவில்லை. குளிப்பாட்டும்போதும் அதோடுதான். முதுகு தேய்த்துக்கொண்டிருக்கிறேன், திரும்பிப் பார்த்து என்னைக் கேட்டாள்:

"அப்பத்தா, நீ என்ன ஜெயிச்ச?"

"தலையக் குனி, சீயக்காய் கண்ணுல பட்ரும்," என்றேன்.

அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை கேட்டது. அதன் மேல் கோபப்பட முடியாது. கோபமெல்லாம் பெற்றவள் மேல் திரும்பியது. அவள் வைத்த குழம்பில் உப்பு கூடியது. அவள் துவைத்த துணியில் அழுக்குப் போகவில்லை. மணிச்சத்தம் தெருமுனையில் கேட்டாலே பேரனைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

அடுத்ததாக மதுரையில் பத்து கிலோமீட்டர் பந்தயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஓட்டம். அச்சாபீஸ் தோழியோடு சனிக்கிழமை சாயங்காலமே போய், தோழியின் அக்கா வீட்டில் தங்க வேண்டும். மூன்று மாதமாக அதற்காகவே ஓடிக்கொண்டிருந்தாள். என் மகன் வடக்கே லோடு கொண்டு போயிருந்தான். பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான்.

வியாழக்கிழமை ராத்திரி, சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னேன். "ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வீட்டுல காதுகுத்து. பேத்திக்கு. சனிக்கிழமையே சாத்தூருக்கு வரச் சொல்லிருக்கா. நான் போகாம இருந்தா நல்லா இருக்காது."

காதுகுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் போன தை மாதமே குத்தியாகிவிட்டது. அன்று மருமகளுக்கு அச்சாபீசில் லீவு கிடைக்கவில்லை, நானும் என் மகனும்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். தங்கச்சியின் நாலு பேத்திகளில் எந்தப் பேத்தி என்று அவள் எங்கே கணக்கு வைத்திருக்கப் போகிறாள் என்ற தைரியம்தான் எனக்கு.

அவள் பையனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

"சரித்தை. நீங்க போயிட்டு வாங்க. ஓட்டம் அடுத்த வருசமும் வரும்."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய் ரோஸ் கலரில் ஒரு கவுன் வாங்கி வந்தாள். "காதுகுத்துக்கு வெறுங்கையோடவா போவீக?" என்றாள். என் அரக்குக் கலர் பட்டுச்சேலையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள். சனிக்கிழமை காலையில் பேரனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடவும் வந்தாள். பஸ் கிளம்பும்போது பேரன் கையாட்டினான். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

சாத்தூரில் தங்கச்சி வாசலிலேயே நின்றிருந்தாள். பட்டுச்சேலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாக்கா. காதுகுத்துக்கு வந்தியாக்கும்?"

நான் கவுன் இருந்த பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"உன் மருமக நேத்துப் போன் போட்டா. பாப்பாவுக்குக் கவுன் அளவு சொல்லுங்க சின்னத்தைன்னா. எதுக்குத்தான்னேன். காதுகுத்துக்குன்னா. யாருக்குடி காதுகுத்து, அது தையிலேயே குத்தியாச்சேன்னு நான் பாட்டுக்கு உளறிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"அப்படியான்னா. பெறகு, அத்தை ஒங்க வீட்டுக்கு வர்றாக, ரெண்டு நாள் நல்லாப் பார்த்துக்கோங்க, நான் கேட்டதா மட்டும் காட்டிக்காதீகன்னா. நான் காட்டிக்காமத்தான் இருக்கணும். வாய் நிக்க மாட்டேங்குதே." தங்கச்சி என் பையை வாங்கிக்கொண்டு சிரித்தாள். "ஏக்கா, நாளைக்கு மதுரையில ஓட்டம்னு நீதான சொல்லிருந்த? அவ ஓடக் கூடாதுன்னா இம்புட்டுத் தூரம் பட்டுக் கட்டிக்கிட்டு வந்த?"

மீன்குழம்பு வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று மருமகள்தான் சொன்னாளாம். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, எல்லாம் தெரிந்துகொண்டே என் சேலைக்கு இஸ்திரி போட்டிருக்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்று மணி பஸ்சில் திரும்பி ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது நாலே முக்கால் இருக்கும். மருமகள் பிள்ளைகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஆற்றிக்கொண்டிருந்தாள். ஷூவைத் துவைத்து மாடிச் சுவரில் கவிழ்த்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அது வேண்டாம் என்றுதானே துவைத்திருக்கிறாள்.

"கிளம்பு," என்றேன்.

"எங்கத்தை?"

"ஓடத்தான். ஆறு மணிக்கு உன் சிநேகிதி கிளம்புவால்ல? போன் போடு."

என் முகத்தைப் பார்த்தாள். "சின்னத்தை சொல்லிட்டாகளா?"

"சொல்லாம இருப்பாளா? அவ வாய் ஊருக்கே தெரியும். தெரிஞ்ச அன்னைக்கே என்கிட்ட ஏன் கேக்கலை நீ?"

அவள் கூழை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "நான் ஓடக் கூடாதுன்னு நீங்க சொன்னதா நினைக்கலைத்தை. நாலு வருசமா பிள்ளைகளை விட்டுட்டு ஒரு ராத்திரிகூட எங்கயும் தங்கலை நீங்க. போகணும்னு தோணிருக்கும், கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு காதுகுத்துன்னு சொல்றாகன்னு நினைச்சேன்."

அப்படித்தான் நினைத்தாளா, என் மானத்தைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இல்லை, நீ ஓடக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத நாக்கு. பேரனை அவள் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு, கூழ்க் கிண்ணத்தைக் கையிலிருந்து வாங்கினேன். "நேரமாகுது," என்றேன். ஈர ஷூவை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். மணியை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டாள். தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்லை, பஸ்சுக்குப் போறா," என்று நான் வாசலில் நின்று சத்தம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். ஈர ஷூ உரசி இரண்டு குதிகாலிலும் கொப்புளம். எத்தனையாவது வந்தாய் என்று பேத்தி கேட்டாள். நடுவில் எங்கேயோ வந்தாளாம். முடித்தவர்களுக்கெல்லாம் ஒரு மெடல் கொடுத்தார்களாம். பரிசு இல்லை என்று கேட்டதும் எனக்குள் குளுகுளு என்று இருந்தது. உண்மையைத்தானே எழுதுகிறேன். அந்தக் கொப்புளத்துக்கு நான்தான் காரணம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. எழுந்து போய் வெந்நீர் வைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னேன். "நாளைக்கு நான் சாத்தூர் போறேன். ரெண்டு நாளாகும்."

என்ன விசேஷம் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"எத்தனை மணி பஸ்சுக்குத்தை?" என்றாள். "காலைல ஓடாம இருந்துக்கிடுறேன். பிள்ளைகளைப் பார்க்கணும்ல."

"ஆறு மணி பஸ்," என்றேன். ஒன்பது மணிக்கும் ஒரு பஸ் இருக்கிறது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.