இருபது பர்சென்ட் போதும்

திருமலையிலிருந்து கீழே இறங்க மின்சார டாக்ஸி ஒன்றில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். மூன்று நாள் தாடி, வியர்வையில் பாதி கலைந்த நாமம். தூரத்தை அவர் கிலோமீட்டரில் சொல்லவில்லை, பேட்டரியின் பர்சென்டில்தான் சொன்னார்.

"மலை ஏறினா பன்னெண்டு துன்னும் சார். எறங்கறப்போ மூணு திருப்பிக் குடுக்கும்."

எண் மாறும்போதெல்லாம் உரக்கச் சொன்னார்.

எனக்கும் இப்படி ஒரு வண்டி வாங்கும் எண்ணம் இருந்தது. "தினப்படி ஓட்ட இது சரிப்படுமா?" என்று கேட்டேன்.

"தினப்படிக்கு ராஜா மாதிரி சார்," என்றவர் ஒரு வளைவில் வண்டியைத் திருப்பினார். "எங்க நைனாவுக்கு நெஞ்சு வலி வந்தது தினப்படி இல்லையே. சித்தூர் டாக்டர் ஒடனே வேலூருக்குக் கூட்டிக்கினு போகச் சொன்னாரு. நம்ம வண்டி இருக்குதேன்னு ஆம்புலன்ஸ் வேணாம்னுட்டேன். சார்ஜ் கம்மியா இருந்துச்சு. அவரைப் பின்சீட்டுல படுக்க வெச்சுட்டு, வழியில நின்னுடக் கூடாது, இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு சார்ஜ் போட்டுக்கினே நின்னேன். நாப்பத்தொண்ணு பர்சென்ட்ல போய்ட்டாரு."

"வேலூருக்கு எவ்வளவு வேண்டும்?"

"இருபது போதும் சார்."

அடிவாரத்தில் எண் ஒன்று கூடியது. "அறுபத்திமூணு" என்றார். நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் முன்னாலிருந்த பின்பார்வைக் கண்ணாடி வழியே காலிப் பின்சீட்டைப் பார்த்துச் சொன்னார்.