விரலுக்கு வந்த அதிர்வு

பிள்ளைகளா, நான் இங்கே செய்யும் வேலைக்கு ஹேக்கிங் என்று பெயர். பழைய கட்டடத்தின் சுவரையும் தரையையும் பிரேக்கர் மெஷினால் உடைப்பது. மெஷின் கையில் இருக்கும்வரை உடம்பே ஆடும். கீழே வைத்த பிறகும் கைக்குள் அந்த அதிர்வு அடங்காது. சட்டைப் பொத்தான் விரலுக்கு அகப்படாது, சோற்றின் சூடு உறைக்காது. கிராஞ்சியில் எங்கள் தொழிலாளர் விடுதி அறையில் ஏறக்குறைய எல்லாருக்கும் இப்படித்தான். அதனால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கேலாங்கில் எங்கள் சைட்டுக்கு ஒரு புது மெஷின் வந்தது. அதுவே நகர்ந்து போய்ச் சுவரை உடைக்கும். ஆள் தள்ளி நின்று, கழுத்தில் மாட்டிய பலகையில் உள்ள கண்ணாடித் திரையைத் தொட்டு ஓட்ட வேண்டும். கண் மெஷின் மேலேயே இருக்க வேண்டும். திரையைக் குனிந்து பார்க்கக் கூடாது. அதற்காக ஒரு வசதி வைத்திருந்தார்கள். நாம் தொட்டது சரியாகப் பதிந்தால் கண்ணாடி விரலடியில் லேசாக அதிரும். அதிராவிட்டால் பதியவில்லை, உடனே கையை எடுத்துவிட வேண்டும். இதை ஓட்டும் வேலைக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். அந்த வேலை கிடைத்தால் பிரேக்கரை நான் தொடவே வேண்டாம். கை தேறிவிடும் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நம்மூர் ஆட்கள் கூடும் தேக்கா பக்கம் புல்வெளியில் உட்கார்ந்து, அறைத்தோழனின் போனில் பழகினேன். எழுத்தைத் தொட்டால் அதுவும் அதிரும் என்றான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன்.

“மெதுவா தொடு மாப்ள. இது போனு, சைட்டு செவுரு இல்ல.”

தொட்ட ஒவ்வொரு தடவையும் அதிர்வு வந்தது. நிம்மதியாகத் தேர்வுக்கு லாரி ஏறினேன்.

தேர்வு வைத்தவர் இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பையன். மெஷினை மட்டும் பார்க்கச் சொன்னார். அதிர்வு தெரிந்ததும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொட்டேன். மெஷினின் கை உயர்ந்தது. வந்துவிட்டது என்றேன். கை இறங்கியது. அதற்கும் சொன்னேன். அடுத்த தடவை அதிர்வு வந்தும் மெஷின் அசையவில்லை. இன்னும் அழுத்தினேன்.

அவர் என் அருகில் வந்தார்.

“அண்ணே, திரைய நான் ஆஃப் பண்ணிட்டேன் லா. இப்ப அது அதிராது.”

“இல்ல சார், வருதே.”

அவர் தன் விரலையும் திரையில் வைத்துப் பார்த்தார். பிறகு என் கையை மெல்ல எடுத்து, எதிலும் படாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

“இப்ப?”

“இப்பவும் வருது,” என்றேன்.

அவர் என்னை டாக்டரிடம் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் போன் அதிர்ந்ததா என்பதே எனக்கு இப்போது சந்தேகம்.

நரம்பு கெட்டிருக்கிறது, வேலையை விட்டாலும் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பலகையை வேறொருவர் கழுத்தில் மாட்டினார்கள். அந்த மெஷின் நுழைய முடியாத மாடிப்படி, கழிவறை மூலைகளை உடைக்க இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது. அங்கே என்னைப் போட்டிருக்கிறார்கள்.

புது வேலை என்ன ஆனது என்று அம்மாவிடம் கேட்கிறீர்களாம். கிடைக்கவில்லை, கண்ணுகளா. இனிமேல் வருகிற மெஷின்களும் கண்ணாடியைத் தொட்டு ஓட்டுவதாகத்தான் இருக்கும் என்கிறார்கள். அதற்கு என் விரல் உதவாது.