மாதா பாட்டுக் கேட்ட பிள்ளை

சவுண்ட்ஸ் காரனுக்கு ரெண்டு பக்கமும் அடி: சத்தம் கூடினால் பெரியாக்கள் ஏசுவினம், குறைஞ்சால் பொடியள் ஏசுவாங்கள். பிள்ளை வளர்க்கிற நீங்களும் என்னைப்போலப் பட்டிருப்பியள், கேளுங்கோ.

செயலாளர் கட்டளை

மன்னாரில எங்கட மாதா கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் பெட்டி கட்டிக்கொண்டு நிண்டன். சபைச் செயலாளர் வந்து, என்ன பாட்டு வைச்சிருக்கிறாய் எண்டார். குத்துப்பாட்டும் இருக்கு எண்டன். மனுசன் துள்ளினார்.

"உந்த டங்கு டங்குப் பாட்டுக் கேட்டுத்தான் பொடியள் போதைத்தூள் அடிக்கிறாங்கள். மாதா பாட்டு மட்டும் போடு!"

ஆடினவங்கள்

கொடியிறக்கம் முடிஞ்ச பின்னேரம் பொடியள் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குத்துப்பாட்டுப் போடுவிச்சாங்கள். புழுதி கிளம்ப ஆட்டம். பாட்டு முடிய முன்னமே தூள் தேடிப் பொலிஸ் வந்திட்டுது. ஆடினவங்களை வரிசையா நிப்பாட்டிப் பொக்கற்றெல்லாம் தடவினாங்கள். ஒருத்தனிட்டச் செபமாலை, மற்றவனிட்டக் கச்சான் கடலை. கரைவலை இழுக்கிற றெஜி தூக்கின கையை இறக்காமலே கேட்டான்:

"சேர், விடிய நான் வலை இழுக்கோணும். தூள் அடிச்சவனை ஆர் சேர் தொழிலுக்குக் கூப்பிடுவினம்?"

பெட்டிக்கு முன்னால நித்திரை

அந்தப் பாட்டு ஓடின நேரம் முழுக்க, பெரிய பெட்டிக்கு முன்னால யூட் நிண்டபடியே தலை தொங்க நித்திரை. கோயில் பாடற்குழுவில முதல் குரல் அவன்தான். பேஸ் அடிக்கிற அடியில என்ர நெஞ்சே அதிருது, மனுசன் அதில நித்திரை கொள்ளுவானோ? அவன்ர பொக்கற்றை ஒருத்தரும் தடவேல்லை. நேர போய்த் தாய் மெர்சியக்காவிட்ட, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டன். மனுசி என்னை எரிச்சுவிடுற மாதிரிப் பார்த்தா.

"என்ர பிள்ளை மாதா பாட்டைத் தவிர வேற கேக்கிறதில்லை. வாயைக் கழுவும் தம்பி!"

செத்த வீடு

தவக்காலம் தொடங்க முன்னம், அதே பெட்டியை மெர்சியக்கா வீட்டு முற்றத்தில கட்டினன். யூட் கிணத்தடியில விழுந்து கிடந்தவனாம். தூள்தான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். குழி வெட்டப் போனது றெஜியும் அண்டைக்கு ஆடினவங்களும். கொஞ்சம் முந்தி ஆராவது அந்தப் பிள்ளையைப் பார்த்திருக்கக் கூடாதோ எண்டு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்தது. செயலாளர் கிட்ட வந்து, மாதா பாட்டுப் போடு எண்டார். நான் கை வைக்க முன்னம் மெர்சியக்கா எழும்பி வந்து வயரைப் பிடிச்சா.

"வேண்டாம் தம்பி. உந்தப் பாட்டை நம்பித்தான் நான் அவன்ர முகத்தைப் பார்க்காமல் விட்டனான்."

இந்த வருசத் திருவிழாவுக்கும் செயலாளர் வந்து, என்ர பாட்டைத்தான் சோதிச்சிட்டுப் போறார்.