ஒரேத்தோ கிளையின் பூஜ்ஜியங்கள்

மரகதத்துக்குத் தலைக்கனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. திண்டுக்கல்லில் பிறந்து, சென்னையில் புள்ளியியல் படித்து, இத்தாலியில் பலேர்மோ நகரத்தில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே பொலிதேயாமா பகுதியில் ஒரு சின்ன ஆலோசனை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். மனிதர்கள் கடையில் ஒரு பொருளை வாங்குவார்களா, வாங்கினால் எவ்வளவு வாங்குவார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. இதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அவள் அம்மா இன்றைக்கும் போனில் கேட்கிறாள்.

வாடகை குறைவு என்று அவள் அதே நகரத்தின் ஒரேத்தோ பகுதியில் வீடு பிடித்தாள். மேல் மாடியில் யாழ்ப்பாணத்துக் குகனேஸ்வரியும் அவள் கணவர் சிவபாலனும். வந்த புதிதில் காய்ச்சலாகப் படுத்தவளுக்கு மல்லித்தண்ணி வைத்துக் கொடுத்தவள் குகனேஸ்வரி. பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதிச்சீட்டைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா போலீஸ் அலுவலக வாசலில் கூடவே வரிசையில் நின்றவளும் அவள்தான். மரகதம் அவளை அக்கா என்று கூப்பிட்டது வாய் வார்த்தைக்காக இல்லை.

அந்தப் புருஷனும் பெண்சாதியும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கல்யாணமான நாள் முதல் ஆளுக்கொரு வீட்டில் தங்கி வேலை பார்த்தவர்கள். 'பிஸ்ஸோ' என்பார்கள் அந்த வேலையை; இரவும் பகலும் முதலாளி வீட்டிலேயே கிடக்கவேண்டும். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். இதுவும் ஒரு குடித்தனமா? பிறகுதான் தெருமுனை சூப்பர்மார்க்கெட்டில் சிவபாலனுக்கு மீன் வெட்டும் வேலை கிடைத்தது. குகனேஸ்வரியும் பொலிதேயாமாவில் 'சின்யோரா' என்று கூப்பிடும் ஒரு எஜமானியம்மா வீட்டில் பகல் வேலைக்கு மாறினாள். சாயங்காலம் இருவரும் பால்கனியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைப்பதைப் பார்த்தால் புதுமாப்பிள்ளையும் புதுப்பெண்ணும் தோற்றுப்போவார்கள்.

அந்த சூப்பர்மார்க்கெட்காரர்கள்தான் ஒருநாள் மரகதத்தின் அலுவலகத்துக்கு வந்தார்கள். நகரத்தில் இரண்டு கிளைகளை மூடவேண்டும். எதை மூடினால் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகமாட்டார்கள் என்று கேட்டார்கள். வாடிக்கையாளர் கார்டுகளின் விவரம் முழுவதையும் கொடுத்தார்கள். உங்கள் கடைக் கணக்கு என் கைக்குத்தான் வந்திருக்கிறது என்று அவள் மாடியில் ஒரு வார்த்தை சொன்னாள். அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேண்டியவர் வேலை பார்க்கும் கடையாயிற்றே, கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிடக்கூடாதே என்று பயம். அந்த வேலை முடியும்வரை மாடிக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். அவள் நேர்மையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது, சொல்லுங்கள்!

கணக்கு இரண்டு படி. முதல் படி, வாங்குவாரா மாட்டாரா. வாங்குகிறவருக்கு மட்டும் அடுத்த படி, எவ்வளவு. ஒரேத்தோ முகவரி உள்ள கார்டுகளில் முக்கால்வாசி முதல் படியிலேயே பூஜ்ஜியமாக விழுந்தன. சிவபாலன் வேலை பார்த்த ஒரேத்தோ கிளையில் வாங்கிக் குவித்ததெல்லாம் பொலிதேயாமாப் பக்கத்துக் கார்டுகள். போகிற வழியில் காரை நிறுத்தி வாங்குகிறார்கள் போலிருக்கிறது, இந்தக் கிளை இல்லாவிட்டால் வீட்டுப் பக்கத்துக் கிளையில் வாங்கிக்கொள்வார்கள் என்று மரகதம் எழுதினாள். பூஜ்ஜியம் என்றால் வேண்டாதவர் என்று அர்த்தமில்லை என்பதை வைத்தே முனைவர் பட்டம் வாங்கியவள் அவள். தானே வாரா வாரம் அங்கே மீன் வாங்கியதும், போன் நம்பர் கொடுக்கப் பிடிக்காமல் வாடிக்கையாளர் கார்டே எடுக்காததும்கூட அவள் மண்டையில் ஏறவில்லை.

கிளையை மூடினார்கள். சிவபாலன் கடற்கரைப் பக்கம் மொந்தெல்லோவில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளப் போனார். மறுபடியும் பிஸ்ஸோ. பால்கனியில் குகனேஸ்வரி தனியாக உட்கார்ந்தாள். கணக்கு சரிதானே, நான் என்ன செய்ய என்று மரகதம் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒருநாள் குகனேஸ்வரி கையில் ஒரு கார்டோடு கீழே வந்தாள். இதில் சேர்ந்த புள்ளிகள் மற்றக் கிளையில் செல்லுமா என்று சின்யோரா கேட்டாளாம். மரகதம் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரோட கார்டு அக்கா?" என்று கேட்டாள்.

"சின்யோராவின்ரை. அவவின்ரை சாமானும் எங்கடை சாமானும் இதிலைதான் போடுறனான். புள்ளி கூடினால் அவவுக்குச் சந்தோசம். இஞ்சை இருக்கிற எங்கடை பொம்பிளையள் எல்லாரும் அப்பிடித்தான்."

மரகதத்துக்கு அப்போதுதான் உறைத்தது. காரும் இல்லை, போகிற வழியும் இல்லை. அந்தப் பொலிதேயாமாக் கார்டுகள் எல்லாம் ஒரேத்தோவிலிருந்து வேலைக்குப் போகும் இந்தப் பெண்களின் கைப்பையில் இருந்தவை. மறுநாள் அலுவலகத்தில் கணக்கைத் திரும்பப் போட்டாள். மூடியிருக்கவே கூடாத கிளை அது. மேலதிகாரியிடம் ஓடினாள். கடை இருந்த இடத்தைப் பந்தயம் கட்டும் கடைக்கு வாடகைக்கு விட்டாயிற்று, இனி பேசி என்ன பயன் என்று அவர் தோளைக் குலுக்கினார்.

அன்று மாலையே மாடிக்குப் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். குகனேஸ்வரி கத்தவில்லை, அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன் பிள்ளை என்னட்டை ஒருக்காக் கேக்கேல்லை?"

"உங்களுக்காகக் கணக்கை மாத்திட்டேன்னு ஆயிடுமோன்னு பயந்துட்டேன் அக்கா."

கடையை மூடுமுன்பே பக்கத்து ஊரான பகேரியாவின் கிளையில் வேலை தருவதாகச் சொன்னார்கள் என்றாள் குகனேஸ்வரி. கூட வேலை பார்த்த மற்றவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்களாம். சிவபாலன் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாராம்.

"எங்கடை பிள்ளைதானே கணக்குப் பாக்குது, கடைக்கு ஒண்டும் ஆகாது எண்டு சொன்னவர்." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இப்பவும் ஒவ்வொரு ஞாயிறும் வந்து அதைத்தான் சொல்லுறார். கடையைக் காப்பாத்த அந்தப் பிள்ளை எவ்வளவு பாடுபட்டிருக்கும், பாவம் எண்டு."